1966 எம்ஜிபிக்கு எந்த இன்ஜின்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

புகைக்கூடம்66 (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் டவுனுக்குச் சற்று வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் வீடு இருக்கிறது. என்னிடம் 1966ஆம் ஆண்டின் எம்ஜிபி ஒன்று உள்ளது; பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த, கூரையில்லாத திறந்த கார். எங்கள் தோட்டம் ரப்பரைக் கைவிட்டுச் செம்பனைக்கு மாறிய பிறகு யாரும் திறந்து பார்க்காத புகைக்கூடத்தில், ரப்பர் ஷீட் தொங்கவிடும் கழிகளுக்கு அடியில் அது பல ஆண்டுகள் நின்றிருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் அதை வாங்கி, துருப்பிடித்த தரைத் தகடுகளையும் கதவுக்குக் கீழுள்ள அடித்தகடுகளையும் மாற்றி, பெயிண்ட் அடித்து, கெரானை (வாகன உரிமைப் பத்திரத்தை) என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். மழை நாளில் இருக்கையைத் தூக்கினால் இன்றும் அந்தப் புகை வாசம் வருகிறது.

கார் ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது காய்கறி லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்துவதற்கு இடம் கிடைத்தாலும் முந்துவதற்குச் சக்தி இருப்பதில்லை. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரில் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,800 சுற்றுக்கு மேல் கத்துகிறது. நான்கே கியர், அதற்கு மேல் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கிடையாது.

இதைவிட வலுவான இன்ஜின் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று ஆறு மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரோவரின் வி8, நிசானின் எஸ்ஆர்20 டர்போ, டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ ஆகிய மூன்றும் என் பட்டியலில் இருக்கின்றன. கையில் 25,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வைத்திருக்கிறேன். இதில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்ல வேண்டும்.

ஈப்போ_போமன் (ஈப்போ)

தம்பி, முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த இன்ஜினைப் போடலாம் என்று கேட்பதற்கு முன், இப்போது உள்ளே இருப்பது என்ன இன்ஜின், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பானெட்டைத் திறந்து, இன்ஜின் பிளாக்கின் வலது பக்கத்தில், டைனமோ இருக்கும் பக்கமாகப் பாருங்கள். ஆணியடித்த சிறு தகடு ஒன்று இருக்கும். அதிலுள்ள எண்ணைத் துடைத்துப் படித்து, கெரானில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் காரின் வயதுக்கு அது 18ஜிபி என்று தொடங்க வேண்டும்.

அதோடு, இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்த்து இங்கே எழுதுங்கள். பலர் தேய்ந்துபோன இன்ஜினைப் புது இன்ஜினோடு ஒப்பிட்டு, காரின் வடிவமைப்பையே குறை சொல்கிறார்கள். பி-சீரிஸ் எனப்படும் உங்கள் 1798 சிசி இன்ஜின், தொழிற்சாலையை விட்டு வந்தபோது 95 குதிரைத்திறன் கொண்டது. இன்று அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

தைப்பிங்_வி8 (தைப்பிங்)

போமன் ஐயா சொல்வது சரியே. ஆனால் வி8 பக்கத்து நியாயத்தையும் நான் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் என் எம்ஜிபி ஜிடியில் (கூரை உள்ள வகை) அது இருக்கிறது, அதை நான் மனமார நேசிக்கிறேன்.

இந்தக் காரில் பெரிய இன்ஜினைப் பொருத்துவது நம் காலத்தில் தோன்றிய யோசனை அல்ல. எம்ஜி தொழிற்சாலையே இருமுறை செய்து பார்த்தது. முதல் முறை 1967இல் வந்த எம்ஜிசி. அதில் 2912 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜின், 145 குதிரைத்திறன். தாளில் எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் பி-சீரிஸை விடச் சுமார் 95 கிலோ கனம். அதற்கு இடம் தேடி முன் சஸ்பென்ஷனையே மாற்றி, சுருள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முறுக்குக் கம்பி வைத்தார்கள். பானெட்டில் புடைப்பு வைத்தார்கள். மூக்கில் கனம் ஏறியதால் வளைவில் கார் திரும்ப மறுக்கிறது என்று அக்காலத்துப் பத்திரிகைகள் குறை கூறின. 1969இல் அது நின்றுபோனது.

இரண்டாவது முறை 1973இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8. அதற்கு முன்பே கென் காஸ்டெல்லோ என்னும் பந்தய ஓட்டுநர் தம் சொந்தப் பட்டறையில் எம்ஜிபிக்குள் ரோவர் வி8ஐப் பொருத்தி விற்கத் தொடங்கியிருந்தார். அவருடைய காரை வாங்கிப் பார்த்த பிறகுதான் தொழிற்சாலை தன் பங்குக்கு இறங்கியது. இந்த வி8 முதலில் அமெரிக்காவில் ப்யூக் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செய்த முழு அலுமினிய இன்ஜின். பிறகு அதன் உரிமையை ரோவர் வாங்கிக்கொண்டது. 3528 சிசி, எட்டு சிலிண்டர், ஆனால் நான்கு சிலிண்டர் பி-சீரிஸை விடக் கனமானது அல்ல. நிமிடத்துக்கு 2,900 சுற்றிலேயே 262 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். முன் ஸ்பிரிங்கில் கூடுதல் கனம் விழாமல், சக்தி மட்டும் கூடியது. 1976 வரை மொத்தம் 2,591 கார்கள் மட்டுமே செய்தார்கள்.

தம்பி, உங்கள் பட்டியலில் உள்ள மூன்றில், இந்தக் காரின் பரம்பரையோடு சேர்ந்தது இது ஒன்றுதான்.

இயற்பியல்_வாத்தியார் (கோலகங்சார்)

விவாதம் நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாக்க விரும்புகிறேன். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வரும் எண். ஒரே குதிரைத்திறனை, மெதுவாகச் சுற்றும் வலுவான இன்ஜினும் தரலாம், வேகமாகச் சுற்றும் சிறிய இன்ஜினும் தரலாம். சாலையில் ஓட்டும்போது அவை இரண்டும் ஒன்றுபோல இருக்காது.

பி-சீரிஸின் உச்ச முறுக்குவிசை 149 நியூட்டன் மீட்டர், அது 3,000 சுற்றில் கிடைக்கிறது. டொயோட்டாவின் ஏஇ86 கொரோலா காரில் வந்த 16 வால்வு 4ஏ-ஜிஇயின் உச்ச முறுக்குவிசையும் அதே 149 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அது 5,200 சுற்றில் கிடைக்கிறது. டொயோட்டா இன்ஜின் மூச்சுத் திணறாமல் 6,600 வரை சுற்றுவதால் பழைய ஜப்பானிய அளவுமுறையில் 130 குதிரைத்திறன் என்று குறிக்கப்பட்டது. ஆகவே அதைப் பொருத்தினால் கார் வலுவாக இழுப்பது போலத் தோன்றாது. சுற்றவிட்டால்தான் வேகம் வரும். வி8 இதற்கு நேர்மாறு. எஸ்ஆர்20 டர்போவும் 270 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருவதால், அச்சும் கியரும் தாங்குமா என்ற கேள்வியில் அதை வி8 பக்கமே வைக்க வேண்டும்.

எனவே கேள்வி இப்படி அமைய வேண்டும் என்று கருதுகிறேன்: இன்ஜினிலிருந்து பின் சக்கரம் வரை வழியில் உள்ள ஒவ்வொரு பாகமும் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும்?

ஆலை_ஃபிட்டர் (தாப்பா)

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பகுதியில் வேலை பார்க்கிறேன். கார் எனக்குப் பொழுதுபோக்கு. வெப்பம் என் பிழைப்பு. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாக வெளியே போக வேண்டும். இன்ஜினின் சக்தியைக் கூட்டினால் அந்தப் பங்கும் சேர்ந்தே கூடும். எம்ஜிபியின் ரேடியேட்டர் இங்கிலாந்தின் குளிருக்கு அளவெடுத்தது. அதன் விசிறி இன்ஜினோடு பூட்டப்பட்டது, இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகவே சுற்றும். ஈப்போவில் பிற்பகல் 34 டிகிரியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் உங்களுக்குக் காற்று அதிகம் தேவை. அப்போதுதான் அந்த விசிறி குறைவாகக் காற்றைத் தரும். வி8 என்றால் இரு பக்கமும் புகைக்குழாய்கள் இறங்கி அறையை நிறைத்துவிடும். சூடான காற்று வெளியேற இடமே இருக்காது. பெரிய ரேடியேட்டரும் வெப்பத்தை உணர்ந்து இயங்கும் மின்விசிறியும் இல்லாமல் எந்த இன்ஜினையும் மாற்றத் துணிய வேண்டாம். இதைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள், கடைசி வரியாக அல்ல.

புகைக்கூடம்66

போமன் ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று மாலை பார்த்தேன். தகடு முழுவதும் எண்ணெய்க் கசடு படிந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்த்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 18வி என்று தொடங்குகிறது. கெரானில் 18ஜிபி என்று தொடங்கும் வேறொரு எண் இருக்கிறது.

பத்து ஆண்டுகளாக இந்தக் காரை வைத்திருக்கிறேன், இதை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. இரவு தூக்கம் வரவில்லை.

கம்ப்ரஷன் விவரம்: முதல் சிலிண்டர் 150, இரண்டாவது 145, மூன்றாவது 95, நான்காவது 148. எல்லாம் பிஎஸ்ஐ கணக்கில்.

ஈப்போ_போமன்

மனம் தளர வேண்டாம், தம்பி. 18வி என்று தொடங்கும் எண்கள் 1971 முதல் வந்த இன்ஜின்களுக்கு உரியவை. அதே 1798 சிசி பி-சீரிஸ்தான், எம்ஜிபியிலும் வந்தது, மோரிஸ் மரீனா 1.8இலும் வந்தது. உங்களுக்கு முன் யாரோ, எப்போதோ, பழைய இன்ஜின் போனபோது கிடைத்ததைத் தூக்கி வைத்துவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். தோட்டத்து வண்டிகளில் அப்படி நடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உழைக்கிற வண்டி ஓட வேண்டும் என்பதே அன்றைய கவலை.

மூன்றாவது சிலிண்டரில் 95 என்றால், முதலில் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகிக்கிறேன். சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. எப்படி இருந்தாலும், நீங்கள் கேமரன் மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது மூன்று சிலிண்டர் காரை.

இதில் உங்களுக்கு ஒரு விடுதலையும் இருக்கிறது. பிறவி இன்ஜினைப் பிடுங்கி எறிகிறோமே என்ற வருத்தம் உங்களுக்குத் தேவையில்லை, அது என்றோ போய்விட்டது. ஆனால் நீங்கள் இன்ஜினை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், கெரானைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

கிள்ளான்_பாலிசி (கிள்ளான்)

நான் வாகனக் காப்புறுதித் துறையில் பணிபுரிகிறேன். போமன் ஐயா கடைசியாகச் சொன்ன வரிக்காகவே இதை எழுதுகிறேன், ஏனெனில் இந்த விவாதங்களில் இது பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது.

கெரானில் உள்ள இன்ஜின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் வேறாக இருக்கும் நிலையில் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலில் மாட்டும். பதிவு செய்யாமல் சக்தியைக் கூட்டியிருந்தால் இன்னும் கடினம். எனவே சகோதரரே, இப்போது உள்ள இன்ஜினோடு காரைச் சாலையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் நேரில் விளக்கிக் கேளுங்கள். புது இன்ஜின் வாங்கும்போது கடைக்காரரின் ரசீதையும், அது இறக்குமதியானது என்பதற்கான சுங்கத் துறை ஆவணத்தையும் இன்ஜினோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். "பிறகு தருகிறேன்" என்பவரிடம் வாங்க வேண்டாம். ஜேபிஜேயின் ஒப்புதலும் புஸ்பாகோம் நிலையத்தின் வாகனப் பரிசோதனையும் முடிந்து, புதிய எண்ணும் புதிய சிசியும் கெரானில் ஏறிய பிறகே காப்புறுதியைப் புதுப்பியுங்கள். மாற்றம் செய்யப்பட்ட கார் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

சாலை வரியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு, இப்போதைய 1798 சிசிக்கு ஆண்டுக்கு 279 வெள்ளி 20 சென். எஸ்ஆர்20 போட்டால் 1998 சிசி, 379 வெள்ளி. 4ஏ-ஜிஇ 1587 சிசி, ஆகவே வெறும் 90 வெள்ளி. ரோவர் வி8 3528 சிசி: 3000 வரைக்கும் 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 சென், ஆக மொத்தம் 4,506 வெள்ளி. இது ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டிய தொகை.

தைப்பிங்_வி8

அந்த 4,506 வெள்ளியை ஒவ்வோர் ஆண்டும் கட்டுகிறவன் நான். கட்டும்போது வலிக்கத்தான் செய்கிறது. வி8ஐ நான் பரிந்துரைத்தேன் என்பதால், எனக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்வது கடமை.

என் காரை முதலில் ஒரு பட்டறையில் விட்டேன், பெயர் வேண்டாம். ஆறு மாதம் என்றார்கள், இரண்டு வருடம் ஆயிற்று. புகைக்குழாய்க்கு இடம் போதவில்லை என்று, என்னைக் கேட்காமலேயே இன்ஜின் அறையின் உட்பக்கத் தகடுகளையும் பின் தடுப்புத் தகட்டையும் வெட்டிவிட்டார்கள். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது என்பதை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். உடலே சட்டகம். ஒரு தகட்டை வெட்டினால் அந்தச் சுமை வேறொரு தகட்டுக்குப் போகும். கார் திரும்பி வந்தபோது, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கண்ணாடிச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்து மூடியது. வேறொருவரிடம் கொடுத்து, தகடுகளை மறுபடியும் பற்றவைத்து வலுப்படுத்த ஒரு வருடம் ஆனது.

என்னுடையது கூரை உள்ள ஜிடி. அதிலேயே இப்படி என்றால், கூரையில்லாத உங்கள் கார் இன்னும் அதிகமாக முறுக்கும். தொழிற்சாலையும் 1970களில் வி8ஐ ஜிடிக்கு மட்டுமே போட்டது. திறந்த காருக்கு வி8 வந்தது 1993இல், ஆர்வி8 என்ற பெயரில்.

பின் அச்சும் ஒரு செலவு. தொழிற்சாலை வி8க்கு 3.07 விகிதத்தில் டிஃபரன்ஷியல் (பின் அச்சிலுள்ள கியர்) போட்டது, உங்களுடையது 3.9. வி8ஐ அதோடு இணைத்தால், முதல் கியர் போட்ட உடனேயே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் தட்டுகளையும் தடிமனாக்கினார்கள். கம்பிச் சக்கரங்களைக் கூட நம்பாமல் வேறு சக்கரம் கொடுத்தார்கள். 25,000 வெள்ளியில் இதெல்லாம் முடியாது, தம்பி.

ஈப்போ_போமன்

தைப்பிங் நண்பர் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1966 திறந்த எம்ஜிபியில் பாஞ்சோ வகைப் பழைய பின் அச்சு இருக்கிறது. வலுவான குழாய் வகை அச்சு திறந்த கார்களுக்கு 1967இல்தான் வந்தது. வாத்தியார் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: அந்த அச்சு 149 நியூட்டன் மீட்டருக்காகச் செய்யப்பட்டது, அறுபது வருடமாக அதைத் தாங்கியிருக்கிறது. அதன் மேல் 270ஐ ஏற்றினால் என்றாவது ஒரு நாள், மழையில், வளைவில் விட்டுக்கொடுக்கும். எனவே வி8க்கும் எஸ்ஆர்20 டர்போவுக்கும் என் ஓட்டு இல்லை. 4ஏ-ஜிஇ, அதுவும் 16 வால்வு, அதுவும் ஏஇ86இலிருந்து வந்த பின்சக்கர இயக்க வகை, அதன் டி50 ஐந்து கியர் பெட்டியோடு.

இருபது வால்வு வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேஇ70 கொரோலாவில் அதைப் போட்டு நானே பல கார்கள் செய்திருக்கிறேன். 160 குதிரைத்திறன் கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அது முன்சக்கர இயக்கக் காருக்காகச் செய்த இன்ஜின். நீளவாக்கில் திருப்பி வைத்தால் டிஸ்டிரிபியூட்டர் நேராகப் பின் தடுப்புத் தகட்டில் போய் முட்டும். தண்ணீர் வெளியேறும் வழியும் பின்னால் மாட்டிக்கொள்ளும், குழாயைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். கேஇ70இல் இதற்கெல்லாம் பழகிப்போன தீர்வு உண்டு. எம்ஜிபியில் ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும், கடைசியில் தகட்டை வெட்டுவதில் போய் முடியும்.

இன்னொன்றை யாரும் இதுவரை சொல்லவில்லை. 1966 எம்ஜிபி பாசிடிவ் எர்த் கார். பேட்டரியின் பாசிடிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். இருக்கைக்குப் பின்னால், தரைக்கு அடியில், ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைத்திருக்கும். ஜப்பானிய இன்ஜினின் கம்ப்யூட்டரை அப்படியே இதோடு இணைத்தால் அந்த நொடியே அது கருகிவிடும். முதலில் காரை நெகடிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்கிறோம் என்பதால் அந்தப் பக்கம் எளிது. ஆனால் டேஷ்போர்டில் உள்ள சுழற்சி மீட்டரும் எர்த்தின் திசையைப் பார்த்துச் செய்தது. அதன் உள்சுற்றை மாற்றாவிட்டால் வேலை செய்யாது. நல்ல மீட்டர் ரிப்பேர்காரரைக் கண்டுபிடித்து வையுங்கள்.

இயற்பியல்_வாத்தியார்

கேமரன் மலை லோரி விஷயத்தை எண்களில் பார்த்தேன். டி50இன் இரண்டாம் கியர் விகிதம் 2.022, உங்கள் 3.9 டிஃபரன்ஷியலோடு 7,000 சுற்றுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் வரும். பழைய எம்ஜிபி பெட்டியின் இரண்டாம் கியரில், பி-சீரிஸ் களைத்துப்போகும் 5,500 சுற்றில் 70ஐத் தாண்டினாலே அதிகம். அதாவது லோரிக்குப் பக்கத்தில் வந்து, எதிரே வண்டி வருமோ என்ற பதற்றத்தில் இருக்கும்போது, இப்போது உங்கள் கையும் காலும் மூன்றாம் கியருக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. புது இன்ஜினில் 40 கிலோமீட்டரில் தொடங்கி, முந்தி முடிக்கும் வரை ஒரே கியரில் போகலாம். நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரின் விகிதம் 0.861 என்பதால், 110 கிலோமீட்டரில் 3,800 என்பது 3,300 அளவுக்கு இறங்கும்.

குதிரைத்திறனைக் காட்டிலும் இதுவே உங்கள் இரண்டு குறைகளுக்கும் நேரான மருந்து என்று நினைக்கிறேன்.

தைப்பிங்_வி8

கணக்கில் குறை காண முடியவில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். எம்ஜிபி என்பது மூன்றாயிரம் சுற்றில் நிதானமாக உறுமிக்கொண்டு போக வேண்டிய கார். அதில் ஏழாயிரம் சுற்றில் கூவும் இன்ஜினை வைப்பது, மிருதங்கக் கச்சேரியில் நாதஸ்வரத்தைக் கொண்டுவந்து வைப்பது போலப் படுகிறது. தம்பி, முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை தைப்பிங் வந்து என் காரில் புக்கிட் பெராப்பிட் பழைய சாலையில் ஏறிப் பாருங்கள். பிறகு ஏஇ86 வைத்திருக்கும் யாரிடமாவது அதே சாலையில் ஏறிப் பாருங்கள். காது எதைக் கேட்கிறது என்பதும் ஒரு நியாயம்தான்.

ஆலை_ஃபிட்டர்

ஓசையைப் பற்றி நான் பேசவில்லை. 4ஏ-ஜிஇ என்றால் இன்ஜினின் ஒரு பக்கம் மட்டுமே புகைக்குழாய் இறங்கும், அறையில் காற்றுக்கு இடம் இருக்கும். வெப்பத்தைப் பொறுத்தவரை எனக்கு நிம்மதி. மின்விசிறியை மறக்க வேண்டாம்.

புகைக்கூடம்66

இரண்டு வாரங்களாக எழுதாததற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வருகிறேன்.

மூன்றாவது சிலிண்டரில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், எண் ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகம் கடித்தது போல ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. போமன் ஐயா பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது.

தைப்பிங் அண்ணனின் வீட்டுக்கும் போனேன். அவருடைய காரில் புக்கிட் பெராப்பிட் ஏறினோம். நான்காம் கியரில், காலை அரை அங்குலம் அழுத்தியதும், சாலை நம்மை நோக்கி வருவது போல இருந்தது. அந்த ஓசையை நான் மறக்கப்போவதில்லை. அண்ணியார் கொடுத்த தோசைக்கும் நன்றி. மறுவாரம் ஈப்போவில் ஏஇ86 ஒன்றில் ஏறினேன். அது அப்படிச் சும்மா தருவதில்லை, கேட்டால்தான் தருகிறது. ஆனால் கேட்கும்போது தாமதிக்காமல் தருகிறது.

ஜேபிஜே அலுவலகத்தில் கெரானையும் இன்ஜின் எண்ணின் படத்தையும் காட்டி விளக்கினேன். முன்பதிவு முறையையும் வேண்டிய ஆவணங்களையும் பொறுமையாகச் சொன்னார்கள். அதுவரை கார் கொட்டகையை விட்டு நகராது.

என் முடிவு 4ஏ-ஜிஇ 16 வால்வு. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வி8ஐப் போட்டால் அச்சை மாற்ற வேண்டும், பிரேக்கை மாற்ற வேண்டும், சக்கரத்தை மாற்ற வேண்டும், தகட்டை வெட்ட வேண்டும்; எல்லாம் முடிந்த பிறகு புகைக்கூடத்தில் நான் கண்ட காரில் கதவும் டிக்கியும் மட்டுமே மிஞ்சும். இந்த இன்ஜின், காரில் இப்போது இருக்கும் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகிறது. ஒரு தகட்டைக் கூட வெட்டக் கூடாது, ஏற்கெனவே உள்ள துளைகளில் பூட்டும் தாங்கிகளை மட்டுமே செய்ய வேண்டும் என்பது போமன் ஐயாவிடம் நான் வைக்கும் ஒரே நிபந்தனை. இந்த 18விக்கு வால்வு மாற்றி, எண்ணெய் தடவி, மரப்பெட்டியில் வைத்துவிடுவேன். 18ஜிபி எங்காவது கிடைத்தால் அதையும் வாங்கி வைப்பேன்.

பிரேக்கில் சமரசம் இல்லை. 1966இல் ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோவும் வைக்கப்போகிறேன். ரேடியேட்டரும் விசிறியும் செலவுக் கணக்கில் முதல் வரியில் இருக்கின்றன.

போமன் ஐயா, ஹாஃப் கட் கடையில் (பழைய ஜப்பானியக் கார்களைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து விற்கும் கடை) ஏஇ86 இன்ஜின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ரசீதும் சுங்க ஆவணமும் கையில் தருவதாகச் சொல்லி, இரண்டின் நகலையும் காட்டினார்கள். வாங்குவதற்கு முன் நான் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஈப்போ_போமன்

நானே உடன் வருகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நான்கின் நிறத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், டி50 பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து இரும்புத் தூள் இருக்கிறதா என்று காந்தத்தால் பார்க்க வேண்டும். இன்ஜின் வயரிங் முழுதாக வர வேண்டும். வெட்டிய வயரோடு வரும் இன்ஜினுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆயில் சம்ப்பின் ஆழத்தையும் அங்கேயே அளந்துவிடுவோம். முன் குறுக்குச் சட்டத்துக்கு மேல் அது எப்படி உட்காரும் என்பதை வைத்துத்தான் தாங்கிகளை வரைய முடியும்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, பெட்ரோலைப் பாதி அளவில் வைத்து, பழைய இன்ஜின் உள்ளே இருக்கும்போதே, நான்கு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். புது இன்ஜின் கனம் குறைவு என்பதால் மூக்கு மேலே எழும். எவ்வளவு எழுந்தது என்று தெரிந்தால்தான் முன் ஸ்பிரிங்கை எவ்வளவு தணிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். இன்ஜினை இறக்கிய பிறகு அந்த அளவு யாருக்கும் கிடைக்காது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறையில் இருப்பேன்.